காரணிகள், மடங்குகள், பகா எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகளில் சில பள்ளிப் பிள்ளைகள் கேட்பவை. சில, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெரியவர்கள் கேட்பவை. விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். எண் என்று சொன்னால் 1, 2, 3 என்று போகும் முழு எண்களைத்தான் சொல்கிறேன். 0 பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

காரணி எது, மடங்கு எது? எப்போதும் குழம்புகிறது.

ஒரே உறவை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பதால் வரும் குழப்பம் இது. 3 × 8 = 24. 3-இன் பக்கம் நின்று பார்த்தால் 24 அதன் மடங்கு. 24-இன் பக்கம் நின்று பார்த்தால் 3 அதன் காரணி. இவர் அவளுக்கு அப்பா என்றால் அவள் இவருக்கு மகள். உறவு ஒன்றுதான், பெயர்தான் இரண்டு.

மீதி இல்லாமல் வகுபட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 24-ஐ 5-ஆல் வகுத்தால் 4 மீதி வருகிறது, ஆகவே 5 அதன் காரணி இல்லை. சில புத்தகங்களில் வகுத்தி என்று போட்டிருப்பார்கள். அதுவும் காரணியும் ஒன்றே. ஓர் எண்ணின் காரணி அந்த எண்ணைத் தாண்டிப் போகாது, அதனால் காரணிகளை எண்ணி முடித்துவிடலாம். மடங்குகளுக்கோ முடிவே கிடையாது.

ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளையும் ஒன்றுகூட விட்டுப்போகாமல் எடுப்பது எப்படி?

ஜோடியாக எடுங்கள். காரணி ஒருபோதும் தனியாக வராது. 84-ஐ 3 வகுக்கிறது என்று கண்டதுமே அதன் ஜோடி 28-உம் கைக்கு வந்துவிடுகிறது. 1-இலிருந்து வரிசையாகப் போவோம்: 1 × 84, 2 × 42, 3 × 28, 4 × 21. 5 வகுக்காது. 6 × 14, 7 × 12. 8 வகுக்காது, 9-உம் வகுக்காது. இங்கேயே நிறுத்திவிடலாம். இடது பக்க எண்களை ஏறுவரிசையிலும் வலது பக்க எண்களைக் கீழிருந்து மேலாகவும் படித்தால் முழுப் பட்டியல் கிடைக்கும்: 1, 2, 3, 4, 6, 7, 12, 14, 21, 28, 42, 84. மொத்தம் 12.

பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான். மனதில் தோன்றும் காரணிகளை வரிசை இல்லாமல் எழுதுவார்கள். 2, 4, 42, 12 என்று போகும், 28 விட்டுப்போகும். ஜோடி போட்டு வரிசையாகப் போனால் அந்தத் தவறுக்கு இடமே இல்லை.

9-உடன் ஏன் நிறுத்தினீர்கள்? 10, 11-ஐச் சோதிக்க வேண்டாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தக் கேள்விக்கான பதிலாக இருக்கட்டும்.

84-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதுகிறோம். அந்த இரண்டுமே 10 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கினால் குறைந்தது 100 வந்துவிடும். 84 அவ்வளவு பெரிது இல்லை. ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றாவது 9 அல்லது அதற்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். 9 வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்றால் எல்லா ஜோடிகளையும் பார்த்துவிட்டோம் என்றே பொருள்.

பொதுவாகச் சொன்னால், வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும். வர்க்கமூலம் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளைகூட இதைச் செய்யலாம்: சோதிக்கும் எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள், விடை உங்கள் எண்ணைத் தாண்டியதும் நிறுத்துங்கள். 9 × 9 = 81, தாண்டவில்லை. 10 × 10 = 100, தாண்டிவிட்டது. வேலை முடிந்தது.

காரணிகள் எத்தனை என்று மட்டும் தெரிந்தால் போதும். பட்டியல் போடாமல் சொல்ல முடியுமா?

முடியும். முதலில் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரியுங்கள். 1, அதே எண் என இரண்டே காரணிகள் கொண்ட 2, 3, 5, 7 போன்றவைதான் பகா எண்கள். 360 = 2 × 2 × 2 × 3 × 3 × 5. அதாவது 2 மூன்று தடவை, 3 இரண்டு தடவை, 5 ஒரு தடவை. ஒவ்வொரு எண்ணிக்கையோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 2 = 24. அவ்வளவுதான், 360-க்கு 24 காரணிகள்.

ஏன் 1 கூட்ட வேண்டும்? 360-இன் ஒரு காரணியை உருவாக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2-ஐ எத்தனை தடவை சேர்ப்பது? ஒருதடவைகூடச் சேர்க்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று தடவை சேர்க்கலாம். வழிகள் நான்கு. சேர்க்காமல் விடுவதும் ஒரு வழி என்பதால்தான் அந்தக் கூடுதல் 1.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் உண்டு: 12, 24, 36, 48, 60, 120, 180 என்று அந்த வரிசை போகும். 60-க்கு 12 காரணிகள், 5040-க்கு 60 காரணிகள். இந்த எண்களின் அமைப்பை ஆராய்ந்து ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மணியை 60 நிமிடமாகவும் வட்டத்தை 360 பாகையாகவும் பிரித்திருப்பது எவ்வளவு வசதி என்று இப்போது புரியும். பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, எதை எடுத்தாலும் பின்னம் வராது.

காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வருமா? ஜோடியாகத்தானே வரும்?

36-ஐப் பாருங்கள்: 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9, 6 × 6. கடைசி ஜோடியில் இரண்டு பேரும் ஒருவரே. அதனால் 9 காரணிகள். வர்க்க எண்களுக்கு மட்டும் இப்படி நடக்கும், வேறு எந்த எண்ணுக்கும் நடக்காது.

0-க்குக் காரணிகள் உண்டா? 0 ஒரு மடங்கா?

எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினாலும் 0 வருவதால், 0 எல்லா எண்களுக்கும் மடங்கு. அதே காரணத்தால் எல்லா எண்களும் 0-வின் காரணிகள். ஆனால் 0 தன்னைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் காரணி ஆகாது. பள்ளிக் கணக்குகளில் மடங்குகளைக் கேட்டால் பெரும்பாலும் அந்த எண்ணிலிருந்தே தொடங்குவார்கள்: 7, 14, 21 என்று.

100-க்கும் 200-க்கும் இடையில் 7-இன் மடங்குகள் எத்தனை? எல்லாவற்றையும் எழுதித்தான் எண்ண வேண்டுமா?

வேண்டாம். 200-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 28, அதாவது 200 வரை 28 மடங்குகள். 100-ஐ வகுத்தால் ஈவு 14, அதாவது 100 வரை 14 மடங்குகள். கழித்தால் 14. முதலாவது 105, கடைசி 196. ஒரே எச்சரிக்கை: தொடக்க எண்ணே மடங்காக இருந்து அதையும் சேர்க்கச் சொன்னால், அதற்கு முந்தைய எண்ணை வகுத்துக் கழிக்க வேண்டும்.

1 ஏன் பகா எண் இல்லை? அதை 1-உம் அதே எண்ணும்தானே வகுக்கின்றன?

நியாயமான கேள்வி. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் இருக்க வேண்டும் என்பது வரையறை. 1-க்கு ஒன்றே ஒன்றுதான். ஆனால் இப்படிச் சொன்னால் 'வரையறையை ஏன் அப்படி வைத்தார்கள்?' என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

1-ஐவிடப் பெரிய எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரிக்க முடியும். 12 என்றால் 2 × 2 × 3. வரிசையை மாற்றலாமே தவிர ஆட்களை மாற்ற முடியாது. எண் கணிதம் முழுவதும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. 1-ஐயும் பகா எண் என்று ஏற்றுக்கொண்டால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று எத்தனை விதமாக வேண்டுமானாலும் எழுதலாம், அந்த 'ஒரே விதம்' போய்விடும். ஆகவே 1-ஐப் பகா எண்ணிலும் சேர்ப்பதில்லை, இரண்டுக்கு மேல் காரணிகள் உள்ள பகு எண்ணிலும் சேர்ப்பதில்லை. 2-இலிருந்துதான் தொடக்கம். இரட்டைப்படைப் பகா எண்ணும் 2 மட்டுமே.

கையில் ஓர் எண் இருக்கிறது. அது பகா எண்ணா என்று எப்படிச் சோதிப்பது?

வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பாருங்கள். பகு எண்களால் வகுக்கத் தேவையில்லை. 2 வகுக்காத எண்ணை 4-உம் வகுக்காது, 6-உம் வகுக்காது.

397-ஐ எடுப்போம். 20 × 20 = 400, தாண்டிவிட்டது. ஆகவே 19 வரை போதும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19. ஒற்றைப்படை எண், அதனால் 2 இல்லை. இலக்கங்களின் கூடுதல் 19, அதனால் 3 இல்லை. 0-விலோ 5-இலோ முடியவில்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 5, 11-ஆல் 1, 13-ஆல் 7, 17-ஆல் 6, 19-ஆல் 17. எதுவும் சரியாக வகுக்கவில்லை. 397 பகா எண். எட்டே எட்டு சோதனைகள்.

437-ஐ எடுத்தால் கதை வேறு. 2, 3, 5, 7, 11, 13, 17 எல்லாம் கைவிரிக்கும். 'சரி, பகா எண்தான்' என்று எழுதிவிடத் தோன்றும். 21 × 21 = 441 என்பதால் இன்னும் 19 பாக்கி இருக்கிறது. 19 × 23 = 437. கடைசிச் சோதனையைச் சோம்பலில் விட்டால் விடை தப்பாகிவிடும்.

வகுபடும் விதிகளில் எவற்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?

2, 5 கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே தெரியும். 3-உம் 11-உம் மனக்கணக்குக்கு மிகவும் உதவும். மற்றவற்றுக்கு நேராக வகுத்துவிடுவதே வேகம் என்பது என் கருத்து.

3-இன் விதி: இலக்கங்களைக் கூட்டினால் 3-இன் மடங்கு வர வேண்டும். 741-இல் 7 + 4 + 1 = 12, ஆகவே வகுபடும். காரணம், 100 என்பது 99 + 1, 10 என்பது 9 + 1. 741 = (7 × 99) + (4 × 9) + (7 + 4 + 1). 99-உம் 9-உம் 3-இன் மடங்குகள் என்பதால் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. மிஞ்சுவது இலக்கங்களின் கூடுதல் மட்டுமே. 9-இன் விதியும் இதே காரணத்தால்தான் வேலை செய்கிறது.

11-க்கு இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும். 2728-இல் 2 − 7 + 2 − 8 = −11. விடை 0 அல்லது 11-இன் மடங்காக இருந்தால் வகுபடும். 2728 = 11 × 248.

7-க்கும் ஒரு வழி இருக்கிறது. கடைசி இலக்கத்தை இரட்டித்து, மீதமுள்ள பகுதியிலிருந்து கழியுங்கள். 581 என்றால் 58 − 2 = 56; அது 7-இன் மடங்கு, ஆகவே 581-உம் மடங்கு. இது மாயம் இல்லை. 581-இலிருந்து 21-ஐக் கழித்தால் 560. 21 என்பது 7-இன் மடங்கு, அதைக் கழிப்பதால் வகுபடுவது மாறாது. கடைசி 0-வை எடுத்தாலும் மாறாது. அப்புறம் மிஞ்சுவது அந்த 56.

பகா எண் போலவே தோன்றி ஏமாற்றும் எண்கள் எவை?

51, 57, 87 மூன்றும் பலரை ஏமாற்றும், ஆனால் இலக்கங்களைக் கூட்டினால் உடனே மாட்டிக்கொள்ளும்: 3 × 17, 3 × 19, 3 × 29. 91 இன்னும் கெட்டிக்காரன், 7 × 13.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் உண்மை உண்டு. 100-க்குள் 7-ஐவிடப் பெரிய ஓர் எண் 2, 3, 5 மூன்றாலும் வகுபடவில்லை என்றால் அது பகா எண்தான்; விலக்கு மூன்றே மூன்று: 49, 77, 91. இந்த மூன்றையும் நினைவில் வைத்திருந்தால் 100 வரை மனதிலேயே சோதித்துவிடலாம். 100-இலிருந்து 200 வரை அப்படி ஏமாற்றுபவை ஏழு: 119, 121, 133, 143, 161, 169, 187.

6-இன் மடங்குக்கு ஒன்று முன்னும் பின்னும் இருப்பவைதான் பகா எண்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. 3-ஐத் தாண்டிய எல்லாப் பகா எண்களும் அந்த இடங்களில்தான் இருக்கும், ஏனென்றால் மற்ற இடங்கள் எல்லாம் 2 அல்லது 3-இன் மடங்குகள். ஆனால் அந்த இடத்தில் இருப்பதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 25, 35, 49 மூன்றுமே அங்கேதான் இருக்கின்றன. ஓர் எண்ணைத் தள்ளிவிட இந்த விதி உதவும், பகா எண் என்று உறுதிசெய்ய உதவாது.

100 வரை உள்ள பகா எண்கள் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டுமா?

பட்டியலே வேண்டுமென்றால் சல்லடை முறைதான் நல்லது. பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் பெயரால் வழங்கும் முறை, வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். 2 முதல் 100 வரை எழுதுங்கள். 2-ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள். அடுத்து அடிபடாமல் இருப்பது 3. அதன் மடங்குகளை அடியுங்கள். பிறகு 5, பிறகு 7. அடுத்தது 11, ஆனால் 11 × 11 = 121 பட்டியலைத் தாண்டுகிறது, ஆகவே முடிந்தது. அடிபடாமல் நிற்பவை 25 எண்கள்.

7-க்கு வரும்போது புதிதாக அடிபடுபவை 49, 77, 91 மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன மூன்று எண்களும் இங்கிருந்துதான் வந்தன. குழந்தையோடு உட்கார்ந்து வண்ணப் பென்சிலால் ஒருமுறை செய்து பாருங்கள். மடங்கு, பகா எண், வர்க்கமூல எல்லை எல்லாம் ஒரே தாளில் கண்முன் வந்து நிற்கும்.

பகா எண்கள் எங்காவது முடிந்துவிடுமா?

முடியாது. யூக்ளிட் சொன்ன நிரூபணம் இன்றும் புதிதாகவே இருக்கிறது. உங்களிடம் உள்ள பகா எண்கள் அனைத்தையும் பெருக்கி 1 கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணை உங்கள் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே அதன் பகாக் காரணி பட்டியலுக்கு வெளியே எங்கோ இருக்கிறது. பட்டியல் எவ்வளவு நீளமானாலும் இதே கதைதான்.

இதைப் 'பெருக்கி 1 கூட்டினால் பகா எண் கிடைக்கும்' என்று சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. அது பகா எண் இல்லை, 59 × 509. ஆனால் 59-உம் 509-உம் பட்டியலில் இல்லாத புதியவை, நிரூபணத்துக்கு அது போதும்.

2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட ஒரு பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 2-இன் 136279841ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது அது.

பகா எண்களைத் தரும் சூத்திரம் ஏதும் இல்லையா?

ஆய்லர் காட்டிய ஒன்று மனதைக் கவரும். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-க்கு 41, 1-க்கு 43, 2-க்கு 47, 3-க்கு 53. இப்படி 39 வரை தொடர்ந்து 40 தடவை பகா எண்ணே வரும். 40-ஐப் போட்டதும் 1681 வருகிறது, அது 41 × 41. நாற்பது தடவை சரியாக வந்ததால் நாற்பத்தோராவது தடவையும் வரும் என்று கணிதத்தில் நம்ப முடியாது.

மிகப் பெரிய எண்களை எப்படிச் சோதிக்கிறார்கள்?

10,000 வரை உள்ள எண்ணுக்கு அதிகபட்சம் 25 பகா எண்களால் வகுத்தால் போதும். பத்து லட்சம் வரை என்றால் 168. ஆனால் நூறு இலக்க எண்ணின் வர்க்கமூலமே ஐம்பது இலக்கம். அதுவரை வகுத்துப் பார்க்க எந்தக் கணினிக்கும் நேரம் போதாது.

அதனால் காரணியைத் தேடாமலேயே சோதிக்கும் வழிகளை உருவாக்கினார்கள். ஃபெர்மா கண்ட உண்மை ஒன்று அடித்தளம்: 7 பகா எண் என்பதால், 2-இன் 7ஆம் அடுக்கிலிருந்து 2-ஐக் கழித்தால் 7-ஆல் வகுபடும். 128 − 2 = 126 = 7 × 18. 9-க்கு இதையே செய்தால் 512 − 2 = 510, அது 9-ஆல் வகுபடாது. ஆகவே 9 பகா எண் இல்லை என்று அதன் காரணி 3-ஐத் தொடாமலேயே சொல்லிவிட்டோம்.

தேர்வில் தேறினால் பகா எண் என்று உறுதியாகச் சொல்லலாமா? சொல்ல முடியாது. 341 = 11 × 31 இந்தத் தேர்வில் தேறிவிடும். 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் மாட்டிக்கொள்ளும். 561 = 3 × 11 × 17 எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மாட்டாது. ராமானுஜன் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் 1729-உம், 7 × 13 × 19, இந்த அபூர்வ இனத்தைச் சேர்ந்ததுதான். இவற்றையும் பிடிக்கும்படி கூர்மையாக்கியது மில்லர்–ராபின் சோதனை, நடைமுறையில் இன்று அதிகம் பயன்படுவது அதுதான். ஐயத்துக்கு இடமில்லாமல், எல்லா எண்ணுக்கும், இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுக்குள் இருக்கும்படி ஒரு முறையை 2002-இல் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் கான்பூர் ஐஐடியிலிருந்து அறிவித்தார்கள். அப்போது கயாலும் சக்சேனாவும் மாணவர்கள்.

பகா எண் இல்லை என்று தெரிந்த பிறகும் காரணி தெரியாமல் இருக்க முடியுமா?

முடியும். 2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 21 இலக்க எண் ஒன்று வரும். 1644-இல் மெர்சென் அதைப் பகா எண் என்று எழுதினார். 1876-இல் லூக்கா அது பகா எண் இல்லை என்று நிரூபித்தார், ஆனால் ஒரு காரணியைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. 1903-இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் காரணிகளைக் கொடுத்தார்: 193707721 × 761838257287. இந்தப் பெருக்கலைத் தாளில் சரிபார்க்க உங்களுக்குச் சில நிமிடங்கள் போதும். கண்டுபிடிக்கவோ, லூக்காவுக்குப் பிறகு 27 ஆண்டுகள் ஆயின.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். இணையத்தில் பரவலாகப் பயன்பட்டுவரும் ஆர்எஸ்ஏ மறையாக்கம் இந்த ஏற்றத்தாழ்வை நம்பியே கட்டப்பட்டது. 2020-இல் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றை, அதாவது இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கிய எண்ணை, பிரித்தபோது, கணினியின் ஒரே ஒரு செயலிக்கரு மட்டும் செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் பிடித்திருக்கும் அளவு வேலை தேவைப்பட்டது.

இரண்டு எண்களின் பொதுக் காரணியைக் காண இரண்டையும் பிரித்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இங்கும் யூக்ளிட்தான் கைகொடுக்கிறார். இரண்டு எண்களை ஒரு காரணி வகுத்தால், அவற்றின் வித்தியாசத்தையும் அது வகுத்தே தீரும். ஆகவே பெரியதைச் சிறியதால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போனால், மீதி 0 ஆகும் முன் கடைசியாக வந்த எண்தான் மீப்பெரு பொதுக் காரணி. இரண்டு எண்களையும் பெருக்கி அதனால் வகுத்தால் மீச்சிறு பொது மடங்கும் கிடைத்துவிடும். 12-க்கும் 18-க்கும் 6; 216-ஐ 6-ஆல் வகுத்தால் 36.

2021-ஐயும் 1927-ஐயும் எடுங்கள். 2021-ஐ மட்டும் பிரிக்கப் போனால், 2-இலிருந்து தொடங்கிப் பதினான்காவது பகா எண்ணில்தான் விடை சிக்கும். யூக்ளிட் வழியில், 2021-ஐ 1927-ஆல் வகுத்தால் மீதி 94. 1927-ஐ 94-ஆல் வகுத்தால் மீதி 47. 94-ஐ 47-ஆல் வகுத்தால் மீதி 0. மூன்றே வகுத்தல். பொதுக் காரணி 47. கூடவே இரண்டு எண்களும் தாமாகப் பிரிந்துவிட்டன: 2021 = 43 × 47, 1927 = 41 × 47.